ஃபார்மட் அடிப்பதற்கு முன்: ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும் பழைய லேப்டாப்புக்கு என்ன செய்வது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "அண்ணன் 2013-ல் காலேஜ் சேரும்போது வாங்கிய லேப்டாப். முதலில் விண்டோஸ் 7, பிறகு 10 போட்டோம். இரண்டு மாதமாக ஆன் ஆக 20 நிமிஷம் பிடிக்கிறது. போன வாரத்திலிருந்து கம்பெனி லோகோ வந்ததும் கருப்புத் திரையில் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை அணைத்துப் போட்டால் ஒரு தடவை விண்டோஸ் வரும். தேதி ஒவ்வொரு முறையும் 2012-க்குப் போய்விடுகிறது. கை வைக்கும் இடத்தில் உள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம். ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். உள்ளே ஆறு வருஷத் தறிக் கணக்கு இருக்கிறது. மறைந்த அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான். என்ன செய்யலாம்?"

தம்பி, முதல் வேலையாக அதை அணைத்து வையுங்கள். இதைப் படித்து முடிக்கும் வரை ஆன் செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்குப் பதைப்பாக இருந்தது "நாலைந்து தடவை அணைத்துப் போட்டால்" என்ற வரிதான். அந்த டிக் டிக் சத்தத்தோடு ஒவ்வொரு முறை ஆன் செய்வதும், அப்பாவின் படங்களில் சிலவற்றைப் பணயம் வைப்பது மாதிரி. இன்னும் எத்தனை தடவை அந்த ஹார்ட் டிஸ்க் எழுந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் தடவைகளை நாம் காப்பி எடுப்பதற்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

வேலூர் சத்துவாச்சாரியில் 19 வருஷமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். கடையில் உங்களுக்குச் சொன்னதைத் தப்பான எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். பழுதுக்கு வருகிற பழைய லேப்டாப்புகளில் விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனவை நிறைய. அவற்றுக்கு ஃபார்மட் நல்ல மருந்துதான். ஆனால் உங்கள் லேப்டாப் சொல்லும் அறிகுறிகள் வேறு. இதற்கு ஃபார்மட் அடித்தால், ஒன்று பாதியில் நிற்கும். இல்லையென்றால் போட்டு முடித்து, இரண்டு வாரம் ஓடி, மறுபடி படுக்கும். அதற்குள் படங்கள் இருந்த இடத்தின்மேல் விண்டோஸ் எழுதப்பட்டிருக்கும்.

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜர், சார்ஜர் பின், போர்டு என்று பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, லோகோ வரவில்லை என்றால் பெரும்பாலும் ரேம். கழற்றி, அதன் தங்க நிறக் கால்களை ரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகினாலே பல லேப்டாப் உயிர் பெற்றுவிடும். இந்த இரண்டும் உங்கள் பிரச்சினை இல்லை. உங்களுக்கு லோகோ வருகிறது. அப்படியென்றால் போர்டு, ரேம், திரை மூன்றும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. லோகோவுக்குப் பிறகு லேப்டாப் செய்கிற அடுத்த வேலை, ஹார்ட் டிஸ்கைத் தேடி அதன் ஆரம்பத்தில் இருக்கும் குறிப்பைப் படிப்பது. அங்கேதான் உங்களுடையது இடறுகிறது.

அந்த ஆங்கில வரி "விண்டோஸ் கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. "நான் தேடிப் பார்த்தேன், எனக்கு எதுவும் கிடைக்கவில்லை" என்றுதான் சொல்கிறது. கிடைக்காமல் போக காரணம் பல. மறந்துபோய்ச் செருகியிருக்கும் பென் டிரைவ் ஒன்றே போதும், லேப்டாப் அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும். பதறிப்போய் ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவரின் லேப்டாப்பிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மூன்று பேர் மேல் சந்தேகம்: சிமாஸ் பேட்டரி, ஹார்ட் டிஸ்க் கேபிள், ஹார்ட் டிஸ்க்.

சிமாஸ் பேட்டரியை முதலில் பார்ப்போம், அது ஏற்கெனவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. போர்டில் கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவில், வட்டமாக, 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032. சில மாடல்களில் இரண்டு ஒயர் வைத்து, மேலே உறை சுற்றி ஒட்டியிருப்பார்கள். லேப்டாப்புக்குக் கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். பல பழைய மாடல்களில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) நாம் செய்து வைத்த அமைப்புகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அது தீர்ந்துபோனால் தேதி ஆரம்பத்துக்குப் போகும், உங்களுக்கு 2012 காட்டுவது இதனால்தான். தேதி தப்பாக இருந்தால் இன்டர்நெட் இருந்தும் பாதித் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று நினைப்பவர்கள் அதிகம்.

தேதி போவதைவிடப் பெரிய தொல்லை, அமைப்புகள் போவது. டிஸ்கோடு எப்படிப் பேசுவது என்று பயாஸில் ஒரு இடம் இருக்கும். அங்கே ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்று மாறிவிட்டால் விண்டோஸ் பாதி வந்து நீலத்திரை அடிக்கும், விண்டோஸ் 7 என்றால் அதிலுள்ள எண் 7பி என்று முடியும். ஆன் ஆகும் முறை லெகசி என்று இருந்தது யூஇஎஃப்ஐ என்று மாறினால், நன்றாக இருக்கும் டிஸ்கைக்கூட லேப்டாப் கண்டுகொள்ளாமல், உங்களுக்கு வந்த அதே வரியைக் காட்டும். இதைத் தெரியாமல் நல்ல டிஸ்கை ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு.

அப்படியென்றால் உங்கள் பிரச்சினையும் அந்தச் சின்ன பேட்டரிதானா? நான் அப்படி நினைக்கவில்லை. சிமாஸ் மட்டும் காரணமாக இருந்தால் தினமும் ஒரே மாதிரி தோற்கும். நாலு தடவை தோற்று, எதையும் மாற்றாமல் ஐந்தாவது தடவை ஜெயிக்காது. உங்களுக்கு விட்டு விட்டு வருகிறது. விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் கேபிள் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது டிஸ்கே தளர்ந்துகொண்டிருக்க வேண்டும். டிஸ்க் மோட்டார் முதல் உந்தில் முழு வேகத்துக்கு வரத் திணறும்போது, அடுத்தடுத்து ஆன் செய்தால் ஒரு தடவை பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஐந்தாவது தடவை உங்களுக்கு விண்டோஸ் தெரிகிறது.

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் லேப்டாப்பில் இருப்பது 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு 90 சுற்று சுற்றும் தட்டுகள் இருக்கும். தட்டின்மேல் ஒரு கை நீண்டிருக்கும், அதன் நுனியில் படிக்கிற ஹெட். அது தட்டைத் தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில், தட்டு சுற்றுவதால் எழும் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். நம் தலைமுடி 50,000 நானோமீட்டருக்கு மேல் தடிமன். அந்த இடைவெளியில் ஒரு தூசி புகுந்தால் அது பாறாங்கல். அதனால்தான் டிஸ்கின் மூடியை யாரும் வீட்டில் திறக்கவே கூடாது.

நன்றாக இருக்கும் டிஸ்க் எழும்போது ஒரு மெல்லிய விர்ர், அதன்பின் மழைத் தூறல் ஓட்டில் விழுவது மாதிரி ஒழுங்கில்லாத சின்னச் சின்ன டிக். அது வேலை செய்கிற சத்தம், பயமில்லை. என் மேஜையில் பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருக்கிறது. அதன் நுனியை டிஸ்க் இருக்கும் இடத்துக்கு நேராக லேப்டாப்பின் அடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். வண்டி மெக்கானிக்குகள் இன்ஜினில் பேரிங் சத்தம் பார்ப்பார்களே, அதே முறைதான். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கில் ஒரு கணக்கு இருக்கும்: கிளிக்... கிளிக்... கிளிக், சமமான இடைவெளியில், பிறகு மோட்டார் தளர்ந்து அடங்கும், மறுபடி விர்ர் என்று எழும், மறுபடி கிளிக். ஹெட் தன் வழியைத் தேடிப் போய், கிடைக்காமல், ஆரம்ப இடத்துக்குத் திரும்பி, மறுபடி தேடுகிற சத்தம் அது. சீராக ஒரே தாளத்தில் வந்தால் கெட்ட சகுனம். உங்களுடையது எது என்று ஒரே ஒரு தடவை, அதுவும் காப்பி எடுக்கத் தயாராக எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஆன் செய்யும்போது கேளுங்கள்.

ஆன் ஆக 20 நிமிஷம் ஆவதும் இதோடு சேர்ந்ததுதான். டிஸ்க் தன் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது, செக்டார் என்பார்கள். ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும், விண்டோஸ் அதுவரை காத்திருக்கும். ஆன் ஆகும்போது படிக்க வேண்டிய ஆயிரக்கணக்கான செக்டார்களில் சில நூறு இப்படி இழுத்தால் 20 நிமிஷம் ஆகாமல் என்ன செய்யும்? ரேம் போதவில்லை, வைரஸ் என்று இதற்கு வைத்தியம் செய்துகொண்டே இரண்டு மாதம் போய்விடுகிறது பலருக்கு.

சரி, என்ன செய்ய வேண்டும்? நல்ல நிலையில் இருக்கும் வேறு ஒரு கம்ப்யூட்டர், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, உங்கள் டிஸ்கைவிடப் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். அந்த இன்னொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரியே ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், இலவசம்) என்பதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கி, ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளால் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பின் குறைந்த ரேமுக்கு அது தாங்கும். இனி உங்கள் லேப்டாப்பை விண்டோஸில் ஏற்றவே வேண்டாம். பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் விசை, மாடலுக்கு மாடல் மாறும், தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து ஏறுவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும். திரையில் 'இன்ஸ்டால்' என்று ஒரு ஐகான் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் உங்கள் ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, ஸ்மார்ட் டேட்டா என்பதைத் திறந்தால் ஒரு நீளமான அட்டவணை வரும். அது டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம். மேலே 'டிஸ்க் ஓகே' என்று எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கிலும் அப்படிப் பார்த்திருக்கிறேன். நான்கு வரிகளை மட்டும் பாருங்கள்: 5, 197, 198, 199. (விண்டோஸில் ஓடும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் இதே நான்கும் 05, சி5, சி6, சி7 என்று இருக்கும். அங்கே மதிப்புகளும் பதினாறின் அடுக்கு எண்களில் தெரியும். 10 என்று காட்டினால் உண்மையில் 16.)

5 என்ற எண் உள்ள வரி, கெட்டுப்போய் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு, பதிலுக்கு உபரி இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சில இருந்து, மாதக்கணக்கில் அதே எண்ணிக்கையில் நின்றால் அந்த டிஸ்க் இன்னும் சில வருஷம்கூட ஓடலாம். 197 வேறு. அது, "இந்த இடங்களை இப்போது என்னால் படிக்க முடியவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்" என்று டிஸ்க் சொல்வது. 198, முயன்று பார்த்தும் மீட்க முடியாதவை. இந்த இரண்டில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் உங்கள் கோப்பு ஏதோ ஒன்று மாட்டியிருக்கலாம். 199 கதையே தனி. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும்போது ஏற்பட்ட தவறுகள் அது. 197 பூஜ்யம், 199 மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது என்றால் எனக்குச் சந்தோஷம். டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் தளர்ந்திருக்கிறது. ஆனால் 199 கேபிளை மாற்றினாலும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கும். ஏறுகிறதா, நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அட்டவணையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு உடனே காப்பிக்குப் போங்கள். செல்ஃப் டெஸ்ட் எதையும் ஓட்ட வேண்டாம், அது டிஸ்கை முழுதும் மேய விடும். ஃபைல் மேனேஜரில் உங்கள் டிரைவ் தெரியும். விண்டோஸ் சரியாக அணையாததால் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறக்கலாம். நமக்கு வேண்டியதும் அதுதான். எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் எடுங்கள். அப்பாவின் படங்கள், பிறகு கணக்கு, பிறகு சான்றிதழ் ஸ்கேன்கள். சினிமாவும் பாட்டும் கடைசி. எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து இழுத்துப் போடாமல், ஃபோல்டர் ஃபோல்டராகப் போடுங்கள். ஒரு கோப்பில் அப்படியே நின்றுவிட்டால் ரத்து செய்து, பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

இரண்டு விஷயம் எல்லோரும் மறப்பார்கள். கணக்கு டேலி மென்பொருளில் இருந்தால் அது பெரும்பாலும் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ இருக்காது. பெரும்பாலும் டேலி பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் டேட்டா என்று ஒன்று இருக்கும், அதையே முழுதாக எடுக்க வேண்டும். அடுத்தது எழுத்துரு. நூல் வாங்கியது, கூலி கொடுத்தது என்று ஆறு வருஷத்துக்கு முன் தமிழில் அடித்திருந்தால் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கண்ணைக் கட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பி நடக்கும்போது லேப்டாப்புக்கு இரண்டு எதிரிகள்: கரண்ட் கட்டும் வெயிலும். பத்து வருஷத்து பேட்டரி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. கரண்ட் போனால் காப்பி நடுவழியில் நிற்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் வைத்துச் செய்யுங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் மத்தியானம் தகரக் கூரைக்கடியில் இந்த வேலை வேண்டாம். விடியற்காலையில் ஆரம்பியுங்கள், லேப்டாப்பின் கீழே இரண்டு பென்சில் வைத்துத் தூக்கி, டேபிள் ஃபேன் காற்று அடியில் போகும்படி வையுங்கள். டிஸ்க்ஸ் செயலியிலேயே வெப்பம் தெரியும். 55 டிகிரியை நெருங்கினால் நிறுத்தி ஆற விடுங்கள்.

ஃபைல் மேனேஜரில் நகர்வதே இல்லை, அல்லது 197 நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றால் கோப்பு கோப்பாக எடுப்பதை விட்டுவிட்டு டிடிரெஸ்க்யூ என்ற கருவிக்குப் போக வேண்டும். மின்ட்டில் இன்டர்நெட் கொடுத்து அதை நிறுவிக்கொள்ளலாம். அதன் புத்திசாலித்தனம் இதுதான்: நன்றாகப் படிக்க வரும் இடங்களையெல்லாம் முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், இடறுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடும், எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சுரண்டிப் பார்க்கும். எங்கே எது முடிந்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்கின் முழு நகல் வருவதால் எக்ஸ்டர்னல் டிஸ்கில் அவ்வளவு இடம் வேண்டும். இதைக் கற்றுக்கொண்டு செய்கிறீர்களென்றால் எது மூலம், எது இலக்கு என்பதை மூன்று தடவை சரிபாருங்கள். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் வெற்று டிஸ்கை உங்கள் டிஸ்கின்மேல் எழுதிவிடும். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயாஸிலேயே டிஸ்கின் பெயர் தெரியவில்லை, கிளிக் கிளிக் மட்டும் வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குத் தூசியில்லாத அறை வைத்து, அதே மாடல் டிஸ்கிலிருந்து ஹெட் எடுத்து மாற்றுகிறவர்கள் வேண்டும். சென்னையில் அப்படி இடங்கள் உண்டு. செலவு அதிகம், முன்கூட்டியே கேளுங்கள், டேட்டா வராவிட்டால் என்ன கட்டணம் என்பதையும் கேளுங்கள். கொண்டுபோகும்போது பஸ் மேலே போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். செக் டிஸ்க் ஓட்டினால் சரியாகும் என்பார்கள். அது நன்றாக இருக்கும் டிஸ்கில் ஃபோல்டர் கணக்கைச் சரிசெய்யும் கருவி. படிக்கவே முடியாத டிஸ்கில் ஓட்டினால் புரியாததையெல்லாம் வெட்டி ஒதுக்கிவிடும், டிஸ்கும் களைத்துப்போகும். டிஸ்கைக் கழற்றி கேபிள் போட்டு வேறு லேப்டாப்பில் செருகும்போது, "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். 'கேன்சல்' தவிர வேறு எதையும் தொடக்கூடாது.

பேர்ணாம்பட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன் வந்தார். இதே அறிகுறி. எங்கோ ஒரு கடையில் ஃபார்மட் அடித்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருந்தார்கள். பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள் உள்ளே இருந்தன என்று அவர் அங்கே சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை வைத்து நான்கு நாள் தேடினேன். அது கோப்பின் பெயரையும் ஃபோல்டரையும் பார்க்காது, தட்டில் கிடக்கும் படத்தின் உருவத்தை வைத்தே தேடி எடுக்கும். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன, எல்லாம் வெறும் எண்ணாக, தேதி இல்லாமல், இணையத்தில் பார்த்த விளம்பரப் படங்களோடு கலந்து. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறந்தநாள் படங்களில் பதினொன்று கிடைத்தன. பலவற்றில் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. விண்டோஸ் தன்னை எழுதிக்கொண்ட இடத்தில் இருந்தவை வரவே இல்லை, எந்தக் கருவியாலும் வராது. உங்களுக்கு இன்னும் யாரும் ஃபார்மட் அடிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காப்பி முடிந்து, எக்ஸ்டர்னல் டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, படங்கள் நிஜமாகவே திறக்கின்றனவா என்று சிலவற்றைப் பார்த்த பிறகு லேப்டாப்பைப் பிரியுங்கள். அதற்கு முன் மெயின் பேட்டரியைப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, அடிப்பாகம் வயிறு உப்பின மாதிரி இருந்தாலோ அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். திருகாணிகளை லேப்டாப் வடிவம் வரைந்த ஒரு தாளில், எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே வைத்து டேப் ஒட்டுங்கள். நீளத் திருகாணியைக் குட்டைக்குரிய இடத்தில் போட்டால் போர்டைத் துளைக்கும்.

உள்ளே டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே பட்டையாக மெல்லிய கேபிள் இருந்தால் அதன் இரண்டு முனையையும் கழற்றிச் செருகுங்கள். சிமாஸ் பேட்டரியையும் இப்போதே மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. உங்கள் வீட்டில் தறி ஓடுகிறது அல்லவா, ஃபேனைக் கட்டாயம் பாருங்கள். குடியாத்தத்திலிருந்து வரும் லேப்டாப்புகளைத் திறந்தால், ஃபேனுக்கும் செம்புக் குழாயின் முனையில் இருக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவில் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு துண்டு படிந்திருக்கும். அப்படியே விரலால் உரித்து எடுக்கலாம், சாயம் போட்ட நூலின் நிறம்கூடத் தெரியும். காற்று போக வழியில்லாமல் பக்கத்திலிருக்கும் டிஸ்க் வருஷக்கணக்கில் வெந்திருக்கும். இனி லேப்டாப்பைத் தறி இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

புது டிஸ்க் என்றால் சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிதான், 2.5 அங்குல சாட்டா வகை, 240 அல்லது 256 ஜிபி போதும். எம்.2 என்று சின்னப் பட்டையாக விற்பது உங்கள் மாடலில் பெரும்பாலும் பொருந்தாது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் புதியது 7 தான் இருக்கும், ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும். 20 நிமிஷம் பிடித்த லேப்டாப் அரை நிமிஷத்தில் எழும்போது நீங்களே நம்ப மாட்டீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எஸ்எஸ்டி சாகும்போது டிக் டிக் என்று முன்கூட்டிச் சொல்லாது. கணக்கையும் படங்களையும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விண்டோஸ் போடுவது என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு 2013 மாடலில் இருக்காது. டேலி கட்டாயம் வேண்டுமென்றால் 10 போட்டு, பேங்க் வேலையை அதில் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். டேலி வேண்டாமென்றால், காப்பி எடுக்க உதவிய அந்த மின்ட்டையே நிறுவிவிடுங்கள் என்பது என் கருத்து. எதைப் போட்டாலும் முதலில் பயாஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துவிட்டு, தேதியைச் சரிசெய்து, ஏஹெச்சிஐ இருக்கிறதா என்று பார்த்த பிறகு போடுங்கள்.

பழைய டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய சாமான்காரரிடமும் கொடுக்காதீர்கள். மேலே டேப் ஒட்டி, எடுத்த தேதியை எழுதி, காய்ந்த இடத்தில் வையுங்கள். வராமல் போன ஒரு படம் அதில் இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்துத் தங்கைக்கோ அம்மாவுக்கோ ஞாபகம் வரும்.

இப்போதைக்கு மின்ட் பென் டிரைவையும் எக்ஸ்டர்னல் டிஸ்கையும் தயார் செய்யுங்கள். அந்த நான்கு வரிகளைப் படம் எடுத்ததும், காப்பியை ஆரம்பித்துவிட்டு எண்களை எனக்கு அனுப்புங்கள், டிடிரெஸ்க்யூவுக்குப் போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். எல்லாம் தயாராகும் வரை லேப்டாப் அணைந்தே இருக்கட்டும்.